செவிலிய மாணவர்களின் ஆரோக்கியப் பழக்கங்கள்: தெரிந்தும் ஏன் கைகூடுவதில்லை?

செவிலியப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். உணவு, உறக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றைப் பற்றி நோயாளிகளுக்குச் சுகாதாரக் கல்வி வழங்கும் நாங்களே அவற்றில் எதையும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லையே, அது ஏன் என்பது முதற்கேள்வி. மாற்றிக்கொள்ள விரும்பினால் எதிலிருந்து தொடங்குவது என்பது இரண்டாவது. இதே பொருளை இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பது மூன்றாவது. வார்டிலும் வகுப்பறையிலும் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு மூன்றுக்கும் விடை சொல்ல முயல்கிறேன். செவிலிய மாணவருக்கு ஆரோக்கியம் பற்றிய அறிவு போதுமான அளவு இருக்கிறது. அதைச் செயலாக்க இடம் தராதது அவருடைய கால அட்டவணை. ஆகவே சீர்திருத்தமும் அட்டவணையிலிருந்து, அதிலும் குறிப்பாக உறக்கத்திலிருந்து, தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதற்கேள்விக்கான விடை நீங்கள் படித்த பாடத்திலேயே இருக்கிறது. செவிலியக் கோட்பாட்டாளர் நோலா பெண்டர் 1982-இல் முன்வைத்து 1996-இல் திருத்தியமைத்த ஆரோக்கிய மேம்பாட்டு மாதிரியைத் தேர்வுக்காகப் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். திருத்திய வடிவத்தில் அவர் சேர்த்த கூறுகளுள் ஒன்று, நல்ல பழக்கம் ஒன்றைச் செய்யத் தீர்மானித்த பிறகும் கடைசி நேரத்தில் குறுக்கிட்டு அதைத் தடம்புரளச் செய்யும் உடனடிப் போட்டிகள் பற்றியது. அவற்றை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். வேலை, குடும்பம் போன்றவற்றால் வந்து சேரும் தேவைகளின் மீது நமக்குக் கட்டுப்பாடு குறைவு. நம் விருப்பத்தால் நாமே தேர்ந்துகொள்பவற்றின் மீது கட்டுப்பாடு அதிகம். மாலை நடைக்குக் கிளம்பும் வேளையில் நாளைக் காலை சமர்ப்பிக்க வேண்டிய கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) நினைவுக்கு வந்தால் அது முதல் வகை. அதே வேளையில் அலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டால் அது இரண்டாம் வகை. தங்கள் பழக்கங்களைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும் மாணவர்களில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, எல்லாவற்றையும் சோம்பல் என்ற ஒரே தலைப்பில் எழுதிவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு எந்தத் தடை எந்த வகை என்று குறித்துப் பார்த்தால், முதல் வகைக்குத் தீர்வு துறைத் தலைவரிடமும் பணி அட்டவணையிலும் இருப்பதும், இரண்டாம் வகைக்குத் தீர்வு தங்கள் அறைக்குள்ளேயே இருப்பதும் விளங்கும்.

மற்றொரு செவிலியக் கோட்பாட்டாளரான டோரத்தியா ஓரெமின் சுயபராமரிப்புக் கோட்பாட்டை வைத்து நோயாளிக்கு 'சுயபராமரிப்புக் குறைபாடு' என்று எழுதும் மாணவர், அன்று காலை எதுவும் சாப்பிடாமலும் பணி தொடங்கியதிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமலும் அதை எழுதிக்கொண்டிருப்பது அரிதான காட்சி இல்லை. இதில் வேடிக்கை இருந்தாலும் விளக்கமும் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் மாணவரின் எல்லாச் செயலும் மதிப்பிடப்படுகிறது. அவர் சாப்பிட்டாரா, உறங்கினாரா என்பது மட்டும் எந்த மதிப்பெண் பட்டியலிலும் இல்லை. மதிப்பெண் இல்லாதது பின்னுக்குப் போவது மாணவரின் இயல்பு.

இதனுடன் வயதும் சேர்கிறது. பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடலின் உறக்க நேரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது; இரவு வெகுநேரம் கழித்தே கண்கள் சோர்கின்றன. செவிலியப் பயிற்சியோ அதே வயதினரை விடியற்காலையில் எழுப்பி, சீருடை அணிவித்து, காலைப் பணி தொடங்குமுன் வார்டில் நிறுத்துகிறது. இரவில் தாமதமாக உறங்கி அதிகாலையில் எழும் இந்த இடைவெளியில் தினமும் ஒன்றிரண்டு மணி நேர உறக்கம் காணாமற்போகிறது. பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. 18 முதல் 25 வயது வரையிலானோருக்கு 7 முதல் 9 மணி நேரம் என்ற வரம்பு சொல்லப்படுகிறது. விடுமுறை நாளில் மதியம் வரை உறங்கி இந்தக் கடனை அடைக்க முயல்வது முழுப் பலன் தருவதில்லை. உடல் கடிகாரம் மேலும் பின்தள்ளிப் போய், அடுத்த பணிநாளின் விடியலை இன்னும் கடினமாக்குகிறது.

உறக்கத்தை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற பழக்கங்கள் அனைத்தும் அதைச் சார்ந்திருப்பதுதான். உறக்கம் குறைந்த நாளில் பசி கூடுகிறது, இனிப்பையும் கொழுப்பையும் நாடும் நாட்டம் கூடுகிறது, உடற்பயிற்சிக்கு மனம் வருவதில்லை, சிறு கண்டிப்பும் பெரிய அவமானமாகத் தோன்றுகிறது. பகலில் படித்தவற்றை மூளை நிலைப்படுத்திக்கொள்வதும் உறக்கத்தில்தான். ஆகவே தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருந்து படிப்பவர், படித்ததன் ஒரு பகுதியைத் தாமே இழக்கிறார். நோயாளியின் பாதுகாப்பு இவை எல்லாவற்றினும் பெரியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் செயல்திறன் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10 விழுக்காட்டுக்கு ஈடாகிறது. காலை 6 மணிக்கு எழுந்து, பகலில் உறங்காமல் இரவுப் பணிக்கு வரும் மாணவர் இரவு 11 மணிக்கே அந்த 17 மணி நேரத்தை எட்டிவிடுகிறார்; அவருடைய பணியின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

அதிகாலை 4 மணியளவில் வார்டில் நிற்கும் மாணவியை எண்ணிப் பாருங்கள். உடல் வெப்பநிலை அன்றைய நாளின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு அருகில் இருக்கிறது. விழிப்புணர்வும் அத்துடன் தாழ்ந்திருக்கிறது. நோயாளியின் வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம் ஆகியவற்றைக் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டில் ஒரே வரியை இரண்டு முறை படிக்கிறார். சிரிஞ்சில் மருந்தை இழுத்த பிறகு, மருந்து இருந்த சிறு கண்ணாடிக் குப்பியான ஆம்பூலில் எழுதியிருந்த பெயரை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. ஆம்பூலோ ஏற்கெனவே, பயன்படுத்திய ஊசிகளையும் கண்ணாடிகளையும் போடும் ஷார்ப்ஸ் டப்பாவுக்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் சரியான செயல், இழுத்த மருந்தை அப்புறப்படுத்திவிட்டு, பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிப் புதிய ஆம்பூலை எடுப்பது ஒன்றே. களைத்த மூளை அதைச் செய்யத் தயங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், ஆம்பூலை நோயாளிக்கு மருந்து செலுத்தி முடிக்கும் வரை ட்ரேயிலேயே வைத்திருக்கும் பழக்கத்தைப் பகலிலேயே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

இரவுப் பணி வாரத்தைச் சமாளிக்கச் சில நடைமுறைகள் உண்மையிலேயே பயன்படுகின்றன. முதல் இரவுக்குச் செல்லும் நாளின் பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாவது உறங்கிவிட்டுச் செல்வது பெரிய உதவி. பணியிடையே ஓய்வு நேரம் அனுமதிக்கப்பட்டிருந்தால் சுமார் 20 நிமிடக் குட்டித்தூக்கம் போதும். அதைவிட நீண்டால் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழும்போது சிறிது நேரம் தலை தெளிவதில்லை என்பதால், எழுந்தவுடன் மருந்து கலக்கும் வேலையில் கை வைக்காமல் முகம் கழுவி, கால் மணி நேரம் எளிய வேலைகளைச் செய்வது நல்லது. காபியின் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். காஃபீனின் பாதியளவு உடலிலிருந்து நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. உறங்குவதற்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன் கூட உறக்கத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் குறைத்தது என்று 2013-இல் வந்த ஆய்வொன்று கண்டது. ஆகவே இரவுப் பணியின் முதற்பாதியில் காபி குடிக்கலாம். விடியலில் 'கடைசியாக ஒன்று' என்று குடிப்பது பகல் உறக்கத்தைக் கெடுக்கும். பணி முடிந்து திரும்பும்போது வண்டி ஓட்டாதிருப்பது, அறையை இருட்டாக்கிக்கொள்வது, அலைபேசியை ஓசையின்றி வேறிடத்தில் வைப்பது, உறங்குமுன் சிறிதளவு சாப்பிடுவது ஆகியவை சாதாரணமாகத் தோன்றினாலும் பகல் உறக்கத்தின் நீளத்தைத் தீர்மானிப்பவை இவையே. விடுதியில் ஒரே அறையில் இருப்பவர்களுக்கு வெவ்வேறு பணிமுறைகள் இருந்தால் இவை எதுவும் எளிதில் நடக்காது. ஒரே முறையில் இருப்பவர்களை ஒரே அறையில் தங்கவைக்கும்படி விடுதிக் காப்பாளரிடம் கேட்பது, எந்தத் தனிமனித ஒழுக்கத்தைவிடவும் அதிகப் பலன் தரக்கூடும்.

இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்கும் என்று படித்து அஞ்சும் மாணவர்களும் இருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இரவு நேரப் பணியை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் 2007-இல் சேர்த்து, 2019-இல் மறு ஆய்வு செய்தபோதும் அதே பிரிவில் வைத்தது உண்மை. அந்த வகைப்பாடு சான்றின் வலிமையைக் குறிப்பது. ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. நீண்ட காலம் தொடர்ச்சியாக இரவுப் பணி பார்ப்பவர்களைப் பற்றிய அந்தக் கவலையைப் பயிற்சிக் காலத்தின் சில வாரங்களுக்குப் பொருத்தி அஞ்ச வேண்டியதில்லை.

உணவைப் பொறுத்தவரை புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாத காய்கறியும் பழமும், 5 கிராமுக்கு உட்பட்ட உப்பு, மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு உட்பட்ட கூடுதல் சர்க்கரை என்ற உலக சுகாதார அமைப்பின் அளவுகளை நீங்களே நோயாளிகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். மாணவர்களிடம் உண்மையில் சிக்கலாக இருப்பது அளவைவிட நேரம். காலையில் சாப்பிடாமல் வந்து, இடைவேளையில் இனிப்புத் தின்பண்டத்தால் பசியை அடக்கி, மாலையில் பசி தாங்காமல் அளவுக்கு மீறிச் சாப்பிடுவதே வழக்கமான சுழற்சி. விடியலில் முழுச் சாப்பாடு இறங்காதவர்கள் முதல் நாள் இரவே எடுத்துவைத்த ஒரு வேகவைத்த முட்டை, ஒரு பழம், ஒரு பிடி கொட்டைப் பருப்பு இவற்றுடன் கிளம்பினாலும் அந்தச் சுழற்சி பெருமளவு உடைந்துவிடும்.

இரண்டு விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாணவிகளுக்கு இரத்தசோகை இருக்கிறதா என்பதை ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிப்பது அவசியம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. ஓயாத களைப்பையும் படியேறும்போது வரும் மூச்சிரைப்பையும் டியூட்டிக் களைப்பு என்று எண்ணி மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. காய்கறி, பருப்பு வகைகளிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேநீரும் காபியும் குறைக்கின்றன. வைட்டமின் சி நிறைந்த பழங்கள் கூட்டுகின்றன. ஆகையால் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவது செலவில்லாத மருத்துவம். மற்றொன்று தண்ணீரும் சிறுநீரும். பணியின்போது கழிப்பறைக்குச் செல்ல நேரமிருக்காது என்று கருதி வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பது, குறிப்பாகப் பெண்களிடம், சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கிறது. சக மாணவர் ஒருவரிடம் தன் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஐந்து நிமிடம் சென்று வருவதில் எந்தக் கடமை மீறலும் இல்லை.

'வார்டில் நாள் முழுக்க நடக்கிறோமே, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி' என்பது நான் அதிகம் கேட்ட வாதம். நின்று நின்று நடக்கும் அந்த நடை இதயத்துடிப்பைத் தொடர்ந்து உயர்த்துவதில்லை. தசைகளுக்கு வலுவூட்டுவதும் இல்லை. கால்களுக்குக் களைப்பை மட்டுமே மிச்சம் வைக்கிறது. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையோ 75 முதல் 150 நிமிடத் தீவிர உழைப்பையோ கேட்பதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துக் கேட்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை என்பது மாணவருக்கு நல்ல செய்தி. மாடிப்படியில் வேகமாக ஏறும் மூன்று நிமிடமும் கணக்கில் சேரும். ஆனால் வலுவூட்டும் பயிற்சியைத்தான் மாணவர்கள் அறவே விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய தொழிலுக்கு அதுவே மிகவும் தேவை.

காரணம் முதுகு. படுக்கையின் கால்மாட்டுக்குச் சரிந்துவிட்ட நோயாளியை மேலே ஏற்ற இரண்டு மாணவர்கள் வருகிறார்கள். படுக்கை அவர்களுடைய முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து, நோயாளியின் அக்குளில் கைகொடுத்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி இழுக்கிறார்கள். நோயாளியின் தோள்மூட்டும் மாணவர் இருவரின் இடுப்பும் ஒரே நேரத்தில் ஆபத்துக்கு உள்ளாகின்றன. கைப்பிடியைச் சுழற்றிப் படுக்கையை இடுப்பளவுக்கு உயர்த்தச் சில விநாடிகள் போதும். தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, அடியில் ஒரு டிரா ஷீட்டையோ (கட்டிலின் குறுக்கே இடும் சிறு விரிப்பு) வழுக்கு விரிப்பையோ இட்டு, இயன்ற நோயாளியை முழங்காலை மடக்கிப் பாதத்தால் உந்தச் சொல்லி, விரிப்பைப் பிடித்து நகர்த்தினால் இழுக்க வேண்டிய எடை பாதியாகிவிட்டதைக் கைகளே உணரும். நோயாளியைக் கையால் தூக்குவதற்கு 16 கிலோவை மேல்வரம்பாகக் கொள்ளலாம் என்று 2007-இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கணக்கிட்டார். எந்த வளர்ந்த மனிதரின் எடையும் அதைவிடப் பல மடங்கு. சரியான நிலையில் குனிவது எப்படி என்ற பயிற்சி மட்டும் முதுகுவலியைத் தடுப்பதில்லை என்பதைப் பல ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. கருவியும் உடன் ஆளும் உயர்த்தக்கூடிய படுக்கையும் சேர்ந்தால்தான் பயன். தொழிலின் தொடக்கத்திலேயே முதுகைக் கெடுத்துக்கொண்டு, பிறகு மேசைப் பணி தேடும் செவிலியர்களை ஒவ்வொரு மருத்துவமனையிலும் காணலாம்.

ஆரோக்கியப் பழக்கங்கள் என்றால் உணவு, உறக்கம், உடற்பயிற்சி என்று முடித்துக்கொள்பவர்கள், செவிலிய மாணவரை மற்றக் கல்லூரி மாணவரிடமிருந்து வேறுபடுத்துவதையே விட்டுவிடுகிறார்கள். நோய்க்கிருமிகளுக்கும் ஊசிகளுக்கும் நடுவே படிப்பவர் அவர். முதல் போஸ்டிங்குக்கு (வார்டுப் பயிற்சிக்கு) முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்கள் என்ற முறையில் முடிந்திருக்க வேண்டும். கடைசித் தவணைக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதங்களில் எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் ஊசி போட்டுக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் உருவாகாத சிலர் தமக்குப் பாதுகாப்பு இருப்பதாக எண்ணிக்கொண்டே பணியைத் தொடர்கிறார்கள்.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள் என்று எல்லா வகுப்பிலும் சொல்லப்படுகிறது. இருந்தும் ஷார்ப்ஸ் டப்பா கட்டிலிலிருந்து எட்டத்தில் இருக்கும்போது கை தானாகவே மூடியைத் தேடுகிறது. ஊசி போடுமுன் டப்பாவை அருகில் கொண்டுவந்து வைப்பதே அதைத் தடுக்கும் ஒரே நம்பகமான பழக்கம். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். அழுத்திப் பிதுக்கக் கூடாது. உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடுதான், ஆனால் தடுப்பு மருந்தை இயன்றவரை சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள், தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அந்த வைரஸ் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை செல்லும். திட்டு வாங்க நேரும் என்று அஞ்சி மறைக்கும் மாணவர் இழப்பது இந்த மணி நேரங்களைத்தான். அவரைத் திட்டும் ஆசிரியர் அடுத்த மாணவரையும் மறைக்கப் பழக்குகிறார்.

கைகளின் தோலையும் கவனிக்க வேண்டும். ஆல்கஹால் கரைசலால் தேய்க்க 20 முதல் 30 விநாடியும், சோப்பால் கழுவ 40 முதல் 60 விநாடியும் தேவை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது கரைசலே போதும்; சோப்பைவிட அது தோலைக் குறைவாகவே வறட்சியாக்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வதும், வெந்நீரில் கழுவுவதும், ஈரக் கையில் கையுறை மாட்டுவதும் தோலை வெடிக்கச் செய்யும். வெடித்த தோல் எரிவதால் மாணவர் கை கழுவுவதையே தவிர்க்கத் தொடங்குவார். பணி முடிந்ததும் தோலுக்கு ஈரப்பதமூட்டும் களிம்பு தடவுவது அழகுப் பராமரிப்பு இல்லை. அது தொற்றுத் தடுப்பின் ஒரு பகுதி.

அதிகம் பேசப்படாத ஒன்று சுயமருத்துவம். மருந்தின் பெயரும் அளவும் தெரியும். மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. தலைவலிக்கு வலிநிவாரணி, தொண்டை வலிக்கு இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக், இரவுப் பணிக்குப் பிறகு உறக்கம் வர ஒரு மாத்திரை என்று தொடங்குவது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. தனக்கெனத் தனியாக ஒரு மருத்துவரை வைத்துக்கொண்டு, எந்த மாத்திரையானாலும் அவர் எழுதியே எடுப்பது என்ற விதியைப் படிப்பின்போதே பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். புகையிலையையும் மதுவையும் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மன அழுத்தத்துக்கு மருந்தாக அவற்றை நாடத் தொடங்கினால், உதவி கேட்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று மட்டும் கொள்ளுங்கள்.

மனநலத்தைப் பற்றிப் பேசும்போது ஆழ்ந்த மூச்சும் தியானமும் உடனே பரிந்துரைக்கப்படுகின்றன. அவை கெடுதல் செய்யா. ஆனால் தான் பராமரித்த நோயாளி முதன்முறையாக இறந்துபோன நாளில், உடலைத் துடைத்து, பெயர்ச்சீட்டுக் கட்டி, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு டெம்பரேச்சர் பார்க்கச் சென்ற மாணவருக்குத் தேவைப்படுவது பேசுவதற்கு ஒரு மூத்தவர். பணி முடிவில் பத்து நிமிடம் மாணவர்களை உட்காரவைத்து 'இன்று உங்களை மிகவும் பாதித்தது எது' என்று கேட்கும் வழக்கம் எல்லாப் போஸ்டிங்கிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வு ஒரு நோயாகச் சேர்க்கப்படவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாகவே சொல்லப்படுகிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், தன் திறன் குறைந்துவிட்டதாக உணர்தல் என்ற மூன்றும் அதன் கூறுகள். விடுமுறையில் ஓய்வெடுத்தால் இவை தணியக்கூடும். எதிலும் நாட்டமின்மையோ தாழ்ந்த மனநிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதியில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி. இவ்வளவையும் படித்துவிட்டு நாளை முதல் எல்லாவற்றையும் மாற்றப் போகிறேன் என்று பட்டியல் போட்டால் அது முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வோடு நின்றுவிடும். ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடுகிறது என்றும் லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு கண்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதன் முடிவு. ஆகவே ஒன்றே ஒன்றை எடுங்கள். நான் பரிந்துரைப்பது, இரவுப் பணி இல்லாத எல்லா வாரங்களிலும் மாறாத ஓர் உறக்க நேரப் பகுதி. காலைப் பணி வாரமானாலும் வகுப்பு வாரமானாலும் இரவு 11 முதல் காலை 5 வரை கண்டிப்பாகப் படுக்கையில் இருப்பது என்று வைத்துக்கொண்டு, மீதி ஒரு மணி நேரத்தை முன்னாலோ பின்னாலோ சேர்த்துக்கொள்ளலாம். புதிய பழக்கத்தை ஏற்கெனவே இருக்கும் செயலோடு இணைத்தால் நினைவில் நிற்கும்: சீருடையைத் தேய்த்து மாட்டியவுடன் தண்ணீர்க் குப்பியை நிரப்பிப் பையில் வைப்பது, ஹேண்டிங் ஓவர் (அடுத்த பணிமுறையினரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) முடிந்ததும் அதைக் காலியாக்குவது என்பது போல.

கல்லூரியின் பங்கையும் சொல்லாமல் விடக் கூடாது. இரவுப் பணி முடித்த காலையிலேயே வகுப்புக்கு வரச்சொல்வது, மாலைப் பணி முடித்தவரை மறுநாள் காலைப் பணிக்குப் போடுவது, சமர்ப்பிப்புகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் குவிப்பது ஆகியவை இருக்கும் வரை மாணவருக்குச் செய்யும் அறிவுரை வீண். இரண்டு பணிகளுக்கிடையே 11 மணி நேர ஓய்வு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதிகளில் தொழிலாளர்களுக்கு உள்ள குறைந்தபட்ச அளவு. அதைக் கல்லூரியிலும் கேட்பது நியாயமே. மாணவர் பிரதிநிதியாக இருப்பவர்கள் பொதுவான புகாராக எழுதாமல், இரண்டு மாத அட்டவணையை எடுத்து, ஓய்வு 11 மணி நேரத்துக்குக் குறைந்த நாட்களை மட்டும் வட்டமிட்டுத் துறைத் தலைவரிடம் கொடுத்தால் பேச்சு வேறு விதமாக நடக்கும்.

ஆய்வுத் திட்டத்துக்கு இது நல்ல பொருள். பலரும் எடுத்த பொருளும் கூட. பெரும்பாலோர் பயன்படுத்தும் கருவி, வாக்கரும் பெண்டரும் உடன் ஆய்வாளரும் 1987-இல் உருவாக்கிய ஆரோக்கிய மேம்பாட்டு வாழ்க்கைமுறை அளவுகோலின் திருத்திய வடிவம். அதில் 52 வினாக்கள். ஆரோக்கியப் பொறுப்பு, உடலியக்கம், ஊட்டம், ஆன்மிக வளர்ச்சி, மனித உறவுகள், அழுத்த மேலாண்மை என ஆறு பிரிவுகள். ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். இதை வைத்து ஒரே ஒரு முறை விவரம் திரட்டி, முதலாண்டும் நான்காமாண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டு முடிப்பதே வழக்கம். அத்தகைய ஒப்பீட்டில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. செவிலிய மாணவருக்குச் 'சரியான' விடை எதுவென்று தெரியும் என்பதால், தாம் செய்வதைவிடச் செய்ய வேண்டியதையே குறிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பெயர் எழுதாத படிவமும், வகுப்பாசிரியர் அல்லாத ஒருவர் படிவத்தைத் திரட்டுவதும் இதை ஓரளவு குறைக்கும். மேலும், இரவுப் பணி வாரத்தில் இருப்பவரையும் விடுமுறை முடிந்து திரும்பியவரையும் ஒரே நாளில் கேட்டால் கிடைப்பது பழக்கத்தின் அளவா, அந்த வாரத்தின் அளவா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே 52 வினாக்களுக்கு முன்னால் கடந்த 7 நாட்களில் எத்தனை இரவுப் பணி, நேற்றிரவு எத்தனை மணி நேர உறக்கம், அடுத்த தேர்வுக்கு எத்தனை நாள் என்ற மூன்று வினாக்களைச் சேர்த்துவிடுங்கள். அதே மாணவர்களிடம் இரவுப் பணி இல்லாத இன்னொரு வாரத்தில் மீண்டும் ஒரு முறை கேட்க நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டால், ஒவ்வொருவரின் இரண்டு படிவங்களையும் பெயரில்லாமலே இணைக்க ஒரு ரகசியக் குறியீட்டை அவர்களையே எழுதச் சொல்லலாம்.